காதரின் இடது கால்

மகனே,

இந்தக் கடிதத்தின் முதல் பத்தியை மட்டும் நின்றுகொண்டே படி. படித்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உன் கேப்டனைப் போய்ப் பார். சனிக்கிழமை நடக்கும் இறுதி ஆட்டத்தில் காதரைச் சேர்க்கக் கூடாது என்று நீ எழுதிக் கொடுத்த காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டக்காரர்களின் பெயர்களைக் கல்லூரிப் பலகையில் ஒட்டிவிடுவார்கள் என்று நீதான் எழுதியிருக்கிறாய். அதற்குள் இது நடந்தாக வேண்டும். மூன்று ஆட்டமாக அவன் உனக்குப் பந்து போடாததற்குக் காரணம் அவன் இல்லை, நான். போடாதே என்று அவனிடம் சொன்னவன் நான். உன்னிடம் சொல்லாதே என்று அவனை என் கையில் அடித்துச் சத்தியம் செய்யவைத்தவனும் நான்தான். மீதியைப் போய்விட்டு வந்து உட்கார்ந்து படி.

போய்விட்டு வந்தாயா? சரி. விடையை முதலில் சொல்லிவிட்டுக் கணக்கைப் பிறகு போடுகிற பழக்கம் முப்பது வருஷ வாத்தியார் வேலையில் எனக்கு இருந்ததில்லை. இன்றைக்கு அப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது. நாலரை மணி வண்டியில் இதைச் சேர்க்க வேண்டும். இப்போது காலை ஒன்பது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள். நேற்று மத்தியானத்திலிருந்து என்னிடம் அவள் பேசவில்லை. பேனா கீழே வைக்கப்பட்டிருக்கிறதா, காகிதத்தின் மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறாள்.

உன் கடிதம் நேற்று வந்தது. வழக்கம்போல அவளுக்கு உரக்கப் படித்தேன். பரீட்சை, ரேஷன் அரிசிச் சோறு, ரூம் மாற்றிக்கொண்டது எல்லாம் படித்தேன். ஆட்டத்தைப் பற்றிப் படித்தேன். அதற்கடுத்த வரியில் நிறுத்திவிட்டேன். "எவ்வளவுதான் பழகினாலும் அவன் நம்ம ஆள் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது" என்று எழுதியிருந்தாய்.

"இன்னா நிறுத்திட்டீங்க? படிங்க," என்றாள் உன் அம்மா.

படித்தேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "யாரு, காதரா? நம்ம புள்ளைய முதுகுல தூக்கிகினு போச்சே, அந்தப் புள்ளையா? அது அப்படிச் செய்யாது. இதுல வேற இன்னாவோ இருக்குது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "மழைக்காத்து இப்படி அடிக்குது, உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "நீங்களா புள்ளைங்களுக்குப் பாடம் சொன்னீங்க?" அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆகவே அவளிடம் சொன்ன அதே வரிசையில் உனக்கும் சொல்கிறேன்.

நீங்கள் இருவரும் நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலத்தில் பந்து உதைக்க ஆரம்பித்தபோது நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. பந்து கிழிந்தால் காதரின் அப்பா தன் சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டுக் கொடுப்பார். அந்தச் சௌகரியத்துக்காகத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டாய் என்றுகூட நினைத்தேன். ஒருநாள் சாயங்காலம் நோட்டுகளைத் திருத்திவிட்டு வெளியே வந்தபோது ஒன்றைப் பார்த்தேன். காதர் நடுவில் பந்தோடு நின்றான். நீ வலது ஓரக் கோட்டருகே நின்றாய். அவன் இடது காலைத் தரையில் அழுத்தி ஊன்றினான். அவ்வளவுதான், நீ கிளம்பிவிட்டாய். பந்து இன்னும் அவன் காலடியில்தான் கிடந்தது. நீயோ தலையைத் திருப்பாமல் மூலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாய். எதற்கு இந்தப் பையன் வெற்றிடத்தைப் பார்த்து ஓடுகிறான் என்று யோசித்து முடிப்பதற்குள் பந்து உன் தலைக்கு மேலே பறந்து, நீ போய்ச் சேர்ந்த இடத்தில் உன் காலுக்கு முன்னால் விழுந்தது. மந்திரவாதம் மாதிரி இருந்தது.

காதரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவன் நின்ற இடத்தில் போடாமல் எங்கேயோ போடுகிறாயே, அது எப்படி?"

"அவன் நிக்கற எடத்துல போட்டா எதிராளி வந்துடுவான் சார். நான் பாக்கறது வெறும் புல்லு. ஆளே இல்லாத புல்லு. அங்க அடிச்சுடுவேன். அவன் வந்துடுவான்."

"வராவிட்டால்?"

"இன்னா சார், வராம எங்க போவான்?" என்று சிரித்தான்.

உன்னையும் கேட்டேன். முன்கூட்டியே ஓடிவிட்டால் ஆஃப்சைடு என்று விசில் ஊதிவிடுவார்கள், தாமதித்து ஓடினால் பந்து கோட்டைத் தாண்டிவிடும், ஆகவே இடது கால் ஊன்றுவதற்கும் வலது கால் உதைப்பதற்கும் நடுவே கிடைக்கிற அந்த ஒரு மூச்சு நேரத்தில் கிளம்ப வேண்டும் என்று விளக்கினாய். "பந்தைப் பாக்கமாட்டியா?" என்றேன். "பாத்தா லேட்டாயிடும் நைனா" என்றாய். கல்லூரியில் உன்னை ரைட் அவுட்டாகவும் அவனை சென்டர் ஹாஃபாகவும் போட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நீங்கள் அதை இங்கேயே படித்து முடித்துவிட்டீர்கள்.

பள்ளிக்குப் புது வகுப்பறை கட்டியபோது நடந்த ஒன்று உனக்கு ஞாபகம் இருக்கும். கீழே நின்ற ஆள் செங்கல்லை ஒவ்வொன்றாக மேலே வீசுவான். சாரத்தில் நின்றவன் வாங்கி வாங்கி அடுக்குவான். கல்லைப் பார்க்காமல் எப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்டதற்கு அவன், "கல்ல எதுக்குப் பாக்கணும் சார், அவன் கைய பாத்துகினு இருக்கறேன்" என்றான். ஒருநாள் கீழே நின்றவனுக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. வீசுவதுபோல் கையை ஓங்கி, வீசாமல் நிறுத்திக்கொண்டான். மேலே நின்றவன் இல்லாத கல்லுக்குக் கையை நீட்டிச் சாரத்திலிருந்து சாய்ந்தே விட்டான். கம்பைப் பிடித்ததால் பிழைத்தான். நீங்களெல்லாம் ஜன்னலில் நின்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. பொழுது சாயும்வரை மேலே நின்றவனின் கை ஒரு கணம் தயங்கித் தயங்கித்தான் நீண்டது. கல் விழுந்து விழுந்து உடைந்தது. வீசினவன் என்னமோ ஒழுங்காகத்தான் வீசினான். மறுநாள் மேஸ்திரி இருவரையும் வேறு வேறு வேலைக்கு மாற்றிவிட்டார். இதை எத்தனையோ வகுப்பில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். சொன்னவனே போய் அந்தப் பொய் வீச்சை வீசச் சொல்வான் என்று யார் நினைத்திருப்பார்கள்?

போன வருஷம் ஈர மைதானத்தில் விழுந்து உன் முட்டி திருகிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். புத்தூர் கட்டுக்குப் போன அன்று ரயிலில் கூட்டம். காதர் தரையில் உட்கார்ந்து, உன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தான். ஸ்டேஷனிலிருந்து முதுகில் தூக்கிப் போனதும் அவன்தான். நான் பின்னால் குடையோடு நடந்தேன். கட்டுப் போட்டவர், "ஆறு மாசம் போனா ஓடலாம். ஆனா அதே கால்ல இன்னொரு தடவ விழுந்தா நான் சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்ன முதல் வாக்கியம் காதரின் காதில் நின்றது. இரண்டாவது வாக்கியம் என் காதில் நின்றுவிட்டது.

அது நின்றதற்கு உன் கால்மேல் உள்ள பாசம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதுவது இவ்வளவு கஷ்டமாக இருக்காது. இந்த ஆவணியில் நகரியிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள் அல்லவா? பெண்ணின் அப்பா தூரத்து உறவில் என்னைப் பாவா என்று கூப்பிடுகிறவர். காப்பி குடித்தபடி மெதுவாகக் கேட்டார். "பையனுக்குக் கால்ல இன்னாவோன்னு சொன்னாங்களே பாவா?" ஒன்றும் இல்லை, எப்போதோ சின்னச் சுளுக்கு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்போ மாப்பிள்ளையோட மலையேறிட்டு வந்துடலாம். முருகனையும் பாத்த மாதிரி ஆச்சு, காலையும் பாத்த மாதிரி ஆச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம். உனக்கு அது விளையாட்டுப் பேச்சாகத் தெரிந்தது. நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரோடு கதை பேசியபடி முந்நூற்று அறுபத்தைந்து படியையும் ஏறினாய். நான் பத்துப் படி பின்னால் வந்தேன். நான் முருகனை நினைக்கவில்லை, உன் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கடைசிச் சில படிகளில், அவர் தேங்காய்க் கடைப்பக்கம் திரும்பிய நேரத்தில், நீ ஓரச் சுவரில் கையை ஊன்றினாய். ஒரே ஒரு முறை. அவர் பார்க்கவில்லை. தை மாதம் முகூர்த்தம் என்று பேசி முடித்துச் சந்தோஷமாகப் போனார். நான் அந்தக் கையைப் பார்த்துவிட்டேன். சுவரில் பதிந்த உன் ஐந்து விரலையும் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே சைக்கிள் கடைக்குப் போனேன். ரம்ஜானுக்கு வந்திருந்த காதர் கடையில் தனியாக உட்கார்ந்து பந்தின் பிளாடருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். காற்றடிக்கிற சாக்கில் சைக்கிளை நிறுத்தினேன். அவன் எழுந்து வந்து சக்கரத்தை அமுக்கிப் பார்த்தான்.

"ரெண்டும் கல்லு மாதிரி இருக்குது சார். இன்னா விஷயம், சொல்லுங்க."

"இந்த வருஷம் உன் சிநேகிதனுக்குப் பந்து போடாதே, காதர்."

வேடிக்கை என்று நினைத்தான். "பின்ன யாருக்கு சார் போடறது? நம்ம கோல்கீப்பருக்கா?"

"சிரிக்கற விஷயம் இல்லப்பா."

சிரிப்பு போய்விட்டது. "முட்டிக்காகவா சார்? ஓடலாம்னு சொன்னாரே, நானும் கூடத்தானே இருந்தேன்."

"விழக் கூடாதுன்னும் சொன்னார்."

"சார், நான் போடலன்னாலும் அவன் ஓடுவான். நான் காலை ஊனிட்டா அவன் போய்க்கினே இருப்பான் சார். பந்து வருதா வரலையான்னு அவன் பாக்க மாட்டான். அதான் சார் அவன் ஆட்டமே."

"ரெண்டு ஆட்டம் வரலைன்னா அவனே நின்னுடுவான்."

காதர் கையிலிருந்த சொல்யூஷன் டியூபை மூடினான். மூடி சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி மூடினான். "அப்படி நின்னுட்டான்னா, அப்புறம் எப்பவுமே ஓட மாட்டான் சார்."

அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் இருந்தது. இருபத்தோரு வயசுப் பையனுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? எந்த வாத்தியாரும் செய்யக் கூடாததைச் செய்தேன். "உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன் கேக்கறேன்" என்று சொல்லி உள்ளங்கையை நீட்டினேன். அவன் கையெல்லாம் கிரீஸ். லுங்கியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகுதான் என் கையில் அடித்தான்.

"வேற யாரு கேட்டிருந்தாலும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பிறகு, "அவன்கிட்ட மட்டும் சொல்லிக்கட்டுமா சார்?" என்றான்.

"கூடாது. சொன்னா அவன் வேணும்னே ஓடுவான்."

"ஆங், சரிங்க சார்."

நடுவில் அம்மா காப்பி வைத்துவிட்டுப் போனாள். மணி பன்னிரண்டு என்று சொல்லவில்லை, ஆனால் தம்ளரை வைத்த சத்தத்தில் சொன்னாள். சீக்கிரம் எழுதுகிறேன். ஆனால் இனி வருவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. அதை அவசரமாக எழுதித் தாண்டிவிடக் கூடாது.

உன் இரண்டாவது ஆட்டத்துக்கு நான் வந்திருந்தேன். பென்ஷன் காகித விஷயமாக அரக்கோணம் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்படியே சென்னை வந்து, மைதானத்தின் மேற்குப் பக்கம் கூட்டத்துக்குள் நின்றேன். நீ ஓடுவதைப் பார்க்க வந்தேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். அதற்காக வரவில்லை. காதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானா என்று பார்க்க வந்தேன். காப்பாற்றினான். நடுவில் பந்து வரும், அவன் இடது காலை ஊன்றுவான், நீ பாய்ந்து கிளம்புவாய், பந்து இடது பக்கம் போய்விடும். நீ மூலைவரை ஓடி, திரும்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாய். மறுபடி நடந்து வந்து பழைய இடத்தில் நிற்பாய். மறுபடி அவன் ஊன்றுவான். மறுபடி நீ ஓடுவாய். என் பக்கத்தில் நின்ற ஒருவன் வாயில் கையைக் குவித்துக்கொண்டு, "டேய், காலி வண்டி போவுதுடா! டிக்கெட்டே இல்ல, ஏறிக்கோங்கடா!" என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு முறை நீ பந்தில்லாமல் திரும்பி நடந்தபோதும், விழவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மகனே, நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிற்பாதியில் ஒருமுறை காதருக்கு முன்னால் ஒருவருமே இல்லை. நீ ஓட ஆரம்பித்துவிட்டாய். அவன் வலது கால் பின்னால் போனதையும், உடம்பு உன் பக்கம் திரும்பியதையும் பார்த்தேன். இந்தத் தடவை போட்டுவிடுவான் என்று தெரிந்தது. அந்த நேரத்தில் அவன் கண் கூட்டத்தின் பக்கம் வந்தது. என்னைப் பார்த்துவிட்டான். நான் தலையை அசைத்திருந்தால் போதும். அசைக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றேன். அவன் உடம்பை முறித்துக்கொண்டு இடது பக்கம் அடித்தான். அடித்துவிட்டுக் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. நீ அந்தப் பந்தைப் பற்றித்தான் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். "முன்னால் ஒருவருமே இல்லாதபோதும் எனக்குப் போடவில்லை, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது" என்று. நீ பார்த்தது சரி, மகனே. போட்ட கணக்குத்தான் தப்பு. கணக்கில் ஒரு ஆள் விட்டுப்போயிருந்தான், அவன் குடையோடு மேற்குப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

உன்மேலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பெரியதைச் செய்தவன் சின்னதைக் கேட்கிறான் என்று நினைக்காதே. பத்து வருஷம் உனக்காக ஊன்றிய கால் மூன்று ஆட்டம் ஊன்றி ஏமாற்றினால், "இன்னாடா ஆச்சு உனக்கு?" என்று ஒருமுறை கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை. ரூம் மாற்றினாய், காகிதம் எழுதினாய். பேப்பரில் வடக்கே நடக்கிற மதக் கலவரத்தையெல்லாம் தினமும் போடுகிறார்கள், ஹாஸ்டலிலும் பேசுவார்கள். ஒன்றுக்குக் காரணம் தெரியாதபோது ஊர் கையில் வைத்துக்கொண்டு திரிகிற காரணத்தை வாங்கிக்கொள்வது சுலபம். நீ அதைத்தான் வாங்கிக்கொண்டாய். அந்த வரியை நீ யோசித்து எழுதவில்லை என்று உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. ஆனால் எழுதிவிட்டாய்.

நேற்று அம்மா பேச்சை நிறுத்திய பிறகு தபாலாபீசுக்கு ஓடினேன். தந்தி அடித்துவிடலாம் என்று காகிதம் வாங்கி எழுதினேன். "குற்றம் என்னுடையது, காதருடையதல்ல." எழுதியதும் கவுண்டருக்குள் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தேன். அவன் என்னிடம் படித்தவன். "இன்னா சார், யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று எழுந்து நின்றான். காகிதத்தை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த நிலைமையிலும் என் மரியாதை எனக்குப் பெரிதாக இருந்தது. அந்தத் தந்தியை அடித்திருந்தால் நீ நேற்றே தெரிந்துகொண்டிருப்பாய். நாள் கழிந்ததும் என்னால்தான்.

அங்கிருந்து சைக்கிள் கடைக்குப் போனேன். காதரின் அப்பா ஒரு சக்கரத்துக்கு ஸ்போக்ஸ் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சார், நூறு ஆயுசு. நானே வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். பையன் லெட்டரு போட்டிருக்கறான். சாரைப் பாத்தா கேளுங்க, அவன் முட்டிக்கு எண்ணெய் அனுப்பினாங்களான்னு எழுதறான். இன்னா சார் இது? ரெண்டும் ஒரே ரூம்ல கிடக்குதுங்க, பக்கத்துல இருக்கறவன கேக்காம நம்மள கேக்குது!"

நீங்கள் ஒரே ரூமில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. பேச்சில்லை என்பதும் தெரியாது. காதர் தன் அப்பாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையில் அடித்தது அவனுக்கு அந்த அளவு பெரிதாக இருந்திருக்கிறது. நான் நின்றபடியே சொன்னேன். பாய் கையிலிருந்த சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டிருக்கக் கூடாது சார்," என்றார். "அவனும் ஒத்துகினு இருக்கக் கூடாது." சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "சனிக்கிழமை ஆட்டத்துக்கு ரயில்வேக்காரங்க ஆள் எடுக்க வர்றாங்கன்னு எழுதியிருந்தான். ஒர்க்ஷாப்புல வேலை, அங்கயே ஆட்டம். அதுக்குன்னு அவங்கம்மா நோன்புகூட வெச்சிருக்கறாங்க. அவன் பேரு இருக்குமா சார்?"

"இருக்கும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

"ஊர்ல இப்போ ஆளுக்கு ஒண்ணு பேசறாங்க. கடைக்குக் காத்தடிக்க வர்றவங்களே, நான் இருக்கறேன்னும் பாக்காம பேசறாங்க. நான் காதுல போட்டுக்கறதில்ல." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "உங்க பையன் அப்படி ஏதும் நெனச்சுக்கலியே சார்?"

உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. "இல்லை பாய்" என்றேன். அது நான் சொன்ன இன்னொரு பொய். அந்தப் பொய்யை மெய்யாக்க என்னால் முடியாது, உன்னால் முடியும்.

இனி உன் முட்டி. அது உன்னுடையது. எனக்கு அதன்மேல் பயம் இருக்கலாம், அதிகாரம் இல்லை. வலிக்கிறது, ஓடமுடியாது என்று உனக்கே தோன்றினால் கேப்டனிடம் சொல்லி வெளியே உட்கார். அதில் அவமானம் ஏதும் இல்லை. ஓட முடியும் என்று தோன்றினால் ஓடு. மைதானம் ஈரமாக இருக்கும், நீ விழலாம். விழுந்தால் எழுந்திரு. எழ முடியாவிட்டால் முன்பு தூக்கிய முதுகு அங்கேயே இருக்கிறது. நகரிக்கு இன்று காலையில் முதல் வேலையாக ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டேன். மாப்பிள்ளைக்கு முட்டியில் அடிபட்டது உண்மை, புத்தூரில் கட்டுப் போட்டது உண்மை, சுளுக்கு என்று நான் சொன்னதுதான் பொய் என்று. தையில் கல்யாணம் நடந்தாலும் நடக்கும், நின்றாலும் நிற்கும். நின்றால் அதற்கும் நான்தான் காரணம், உன் கால் இல்லை. அந்தப் பெண்ணும் ஒருநாள் உன்னைப் பார்க்காமல் உன்னை நம்பி ஒரு காரியம் செய்ய வேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே அவளுக்குப் பொய் வீச்சு வேண்டாம்.

காதரைப் பார்க்கும்போது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்காதே. "சாரு சொன்னாரு" என்று மட்டும்தான் சொல்வான். அதைச் சொல்லவே அவனுக்குக் கஷ்டமாக இருக்கும். நீ எழுதிய அந்த வரியை அவன் பார்க்கவில்லை. அதை அவனிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். நான் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தை இப்போதுதான் அம்மா வாங்கி அடுப்பில் போட்டாள்.

இதற்கு மேல் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவும் கூட வந்திருக்கிறாள். நான் வழியில் மனசு மாறிவிடுவேனோ என்று சந்தேகம். சற்றுமுன்தான் வாயைத் திறந்தாள். "சனிக்கிழமை நீங்களும் போவீங்களா?" என்று கேட்டாள். போக மாட்டேன் என்றேன். என்னைப் பார்த்தால் காதரின் கால் மறுபடி தயங்கும். நான் வந்திருக்கிறேனோ என்று நீயும் கூட்டத்தைத் தேடாதே, அவனும் தேட வேண்டாம். மேற்குப் பக்கம் குடையோடு யாராவது நின்றால் அது வேறு யாரோ. நான் இங்கேதான் இருப்பேன். நீ விழுந்தாயா, ஓடினாயா என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைவரை இருப்பேன். அதுகூட நான் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கத்து ஸ்டேஷன் பொன்பாடியில் வண்டி கிளம்பிவிட்டதாக மணி அடித்தாயிற்று. இதற்குள் ஒரு துண்டுக் காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். அது உனக்கு இல்லை, காதருக்கு. தபாலில் அவன் பெயருக்கே தனியாக அனுப்பியிருப்பேன், ஆனால் அதை அவன் உன் கையிலிருந்து வாங்க வேண்டும். நீ படித்துவிட்டே கொடுக்கலாம். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

உன் நைனா

---

காதருக்கு,

உன்னிடம் வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் கேட்டது தப்பு, நீ அன்றைக்குச் சொன்னதுதான் சரி. சனிக்கிழமை அந்த வெறும் புல்லைப் பார்த்து அடி. இதைக் கொண்டுவந்து கொடுத்தவன் அங்கே வந்துவிடுவான்.